பியூஸ் பெட்டிக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு

அந்தச் செருப்பின் வார் நீல நிறம். வலது செருப்பில் பெருவிரல் வார் அறுந்துபோய், செம்புக் கம்பியால் முறுக்கி வைத்திருந்தது. மோட்டார் காயிலுக்குச் சுற்றுகிற கம்பி. முறுக்கிக் கொடுத்தவளே நான்தான்.

டிரான்ஸ்பார்மருக்கு அடியில், பியூஸ் பெட்டிக்கு நேர் கீழே, ஜல்லிக் கல்மேல் அது ஜோடியாகக் கிடந்தது. வெயிலில் காய்ந்து ரப்பர் வாடை அடித்தது. கொஞ்ச தூரத்தில் பெரிய பந்தல். ஒலிபெருக்கிக் குழாயில் நாதஸ்வரம். பந்தல் கால்களில் வாழைக்குப் பதிலாகத் திராட்சைக் குலைகளைக் கட்டியிருந்தார்கள், தேனீ மொய்த்துக்கொண்டிருந்தது. மேடையில் ஆள் உயர மாலையோடு இன்னாசி முதலாளி. அவருக்கு இரண்டு பக்கமும் வடக்கேயிருந்து வந்த பெரிய கம்பெனிக்காரர்கள்.

மேடையில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்தது. முதலாளி அதை அமுக்கியதும் ரோட்டோரப் போஸ்ட்டுகளில் வரிசையாக விளக்கு எரிந்து, கடைசியில் இருக்கிற, திராட்சையைக் குளிரில் வைக்கிற கோல்டு ஸ்டோர் ஓட ஆரம்பிக்க வேண்டும். அந்தப் பொத்தான் சும்மா அலங்காரம். அதிலிருந்து ஒரு வயரும் எங்கேயும் போகவில்லை. கரண்டை விடவேண்டிய ஆள், பெட்டியடியில் நிற்கிற நான்.

மேனேஜர் மூன்றாவது தடவையாக ஓடி வந்தார். கோயம்புத்தூர்க்காரர்.

“ஏனுங்கம்மா இன்னும் நிக்கறீங்க? ஐயா ரெண்டு வாட்டி அமுக்கிட்டாருங்க! கட்டையைப் போடுங்க!”

நான் போடவில்லை. மூன்று பியூஸ் கட்டைகளும் என் மடியில் இருந்தன. பியூஸ் கட்டை என்றால் கைப்பிடி வைத்த வெள்ளைப் பீங்கான். பெட்டியில் அழுத்தினால் லைனில் கரண்டு பாயும், பிடுங்கினால் நின்றுவிடும். மூன்றையும் சேலைமடியில் போட்டு இறுக்கி முடிந்திருந்தேன். இடுப்பே இறங்குகிற கனம்.

மடியைப் பிடித்த கையை நான் தளர்த்தவே இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கே ஆச்சரியம்.

பயந்தவளுக்குக் கிடைத்த வேலை

இந்தத் தொடரில் இதுவரை இன்னாசி முதலாளியின் பேரைத் தொட்டுத் தொட்டு விட்டிருக்கிறேன். சின்னமனூரிலிருந்து ஒரு வாசகர், “கரண்டு முதலாளி, கரண்டு முதலாளி என்கிறீர்களே, அவருக்கு என்னதான் ஆச்சு?” என்று எழுதிக் கேட்டிருந்தார். பயத்தில்தான் தள்ளிப்போட்டேன். எழுதினால் யார் மனசு கோணுமோ என்ற பயம்.

நான் அப்படித்தான். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்கிறவள். இந்தக் கட்டுரைகளைத் தபாலில் போட்டுவிட்டு, உறையை ஒட்டினேனா என்று தபால் பெட்டிக்குள் விரலை விட்டுப் பார்த்தவள்.

எட்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் போனபோது, பேனா எழுதாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நான்கு பேனா கொண்டுபோனேன். நான்கும் எழுதின. எனக்குத்தான் எழுத வரவில்லை. வெள்ளைத்தாளைக் கொடுத்துவிட்டு அனுமந்தன்பட்டிக்கு நடந்தே வந்து சேர்ந்தேன். அத்தோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

அதன்பிறகு திராட்சைப் பந்தலில் கூலி வேலை. கல்யாணம், இரண்டு பிள்ளைகள். பந்தலுக்கு அடியில் மருந்து வாடை ஒத்துக்கொள்ளாமல் மூச்சு இழுத்தபோதுதான், எங்கள் ஊர்க்காரரான இன்னாசி அண்ணன் உத்தமபாளையத்தில் தகரஷெட் போட்டு மோட்டார் காயில் கட்டுகிறார், பெண்களையும் வேலைக்கு எடுக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

காயில் சுற்றுவது எண்ணிக்கை வேலை. ஒரு சுற்றுக் குறைந்தாலும் மோட்டார் சூடாகும். நான் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை எண்ணுவேன். இரண்டும் ஒத்துப்போனாலும் சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணுவேன். நான் கட்டிய மோட்டார் திரும்பி வந்ததே இல்லை. பயத்துக்கும் ஒரு கூலி உண்டு என்று அங்கேதான் முதலில் தெரிந்துகொண்டேன்.

அண்ணன் அப்போது நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு லைன் இழுக்கிற வேலையும் எடுத்துச் செய்தார். ஒருநாள் கோம்பைப் பக்கம் ஒரு தோட்டத்தில் ஆள் போஸ்ட்டில் இருக்கும்போதே, வேலை முடிந்தது என்று நினைத்து யாரோ பியூஸைப் போட்டுவிட்டார்கள். மேலே இருந்தவன் தூக்கி எறியப்பட்டு வைக்கோல் படப்பில் விழுந்தான். பிழைத்துக்கொண்டான். கோம்பைச் சீனி என்று பேர். எலும்பும் தோலுமான உடம்பு. வாய் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும்.

அன்று சாயங்காலம் அண்ணன் எங்கள் எல்லாரையும் ஷெட்டில் நிறுத்தினார்.

“இனிமே போஸ்ட்டுல ஏறுறவன் எவனா இருந்தாலும் செருப்பக் கழட்டி பீஸ் பெட்டிக்குக் கீழ விட்டுட்டுத்தான் ஏறணும். எறங்கி வந்து அவனவன்தான் மாட்டணும். செருப்புக் கெடந்தா கரண்டு கெடையாது. நானே வந்து சொன்னாலும் கெடையாது.”

“பெட்டிக்கிட்ட யாருண்ணே நிக்கிறது?” என்று ஒருவர் கேட்டார்.

“நம்ம மேரி.”

நான் ஓரடி பின்னால் போனேன். “அண்ணே, நானா? எனக்குப் பயமா இருக்குண்ணே.”

“அதுக்குத்தான் ஆத்தா ஒன்னைய நிறுத்துறேன். பயமில்லாதவன் கையில பீஸக் குடுத்தா ஆளக் கொன்னுபுடுவான்.”

கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த சீனி சிரித்தான். “எங்கூரு நாயக்கூட கறியப் போட்டு ஏமாத்திரலாம்ணே. இந்த யக்காவ ஏமாத்த முடியாது.”

அன்றிலிருந்து எனக்கு ‘கோம்பை நாய்’ என்று பட்டப்பேர். கோபப்படுகிற மாதிரி நடிப்பேன். உள்ளுக்குள் பெருமைதான். காவலுக்குப் பேர்போன கோம்பை நாய் என்றால் எங்கள் பக்கத்தில் திட்டு இல்லை.

சுவரை இடித்தவர்

இன்னாசி அண்ணன் எப்படி இன்னாசி முதலாளி ஆனார் என்று கேட்டால், ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

கிணற்று மோட்டார் எரிந்துபோய் ஒருவர் வந்தால், மற்ற கடைக்காரர்கள் “நாலு நாள் கழிச்சு வாங்க” என்பார்கள். அண்ணன் தன்னிடமிருக்கும் பழைய மோட்டாரை அவர் வண்டியில் ஏற்றி, “இத மாட்டித் தண்ணியப் பாய்ச்சுங்க மாமா, ஒங்க மோட்டார் ஆனதும் மாத்திக்கிருவோம்” என்பார். அவ்வளவுதான். கம்பத்திலிருந்து தேனிவரை எரிந்த மோட்டார் எல்லாம் எங்கள் ஷெட்டுக்கு வந்தன. வார்னிஷ் வாடை என் தலைமுடியிலிருந்து போகவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பக்கத்தில் நிற்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள்.

அடுத்து ஜெனரேட்டர். மாதா கோயில் திருவிழாவுக்குச் சப்பரம் வரும்போது பின்னாலேயே ஜெனரேட்டர் வண்டியும் வரும். அம்மன் கோயில் திருவிழாவுக்கும் அதே வண்டிதான். அப்புறம் ஊரெல்லாம் கரண்டு இல்லாமல் கிடந்த அந்த வருசங்கள் வந்தன. மில், ரைஸ்மில், ஆஸ்பத்திரி, கல்யாண மண்டபம், எங்கே பார்த்தாலும் இன்னாசி ஜெனரேட்டர். இந்தப் பள்ளத்தாக்கில் அப்போது அவர் லாரி வராத ரோடு இல்லை.

கணவாயிலிருந்து ஆடி மாதம் அடிக்கிற காற்றைப் பார்த்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: “ஏ ஆத்தா, டீசல வெலைக்கு வாங்கி எரிக்கிறோம். இவன் பாரு, சும்மா வந்து சும்மா போறான்.”

முதல் காற்றாலை வந்த நாளை மறக்க முடியாது. இறக்கை மட்டும் ஒரு தெரு நீளம். லாரி வருகிற வழியெல்லாம் மரக்கிளையை வெட்டி, வயரைத் தூக்கிப் பிடித்து, ஆட்கள் கூடவே நடந்து வந்தார்கள். அனுமந்தன்பட்டி முக்கில் லாரி திரும்பவில்லை. முக்கில் இருந்தது இன்னாசி முதலாளியின் சொந்த வீடு. அவர் கட்டி ஒரு வருசம்கூட ஆகாத காம்பவுண்டுச் சுவர்.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். கடப்பாரையை வாங்கி முதல் அடியை அவரே போட்டார்.

“காத்த உள்ள விட்ருவோம்டா!”

சனம் கத்திய கத்தில் பறவையெல்லாம் எழும்பிவிட்டது. சுவர் விழுந்தது. அந்தப் பெரிய வெள்ளை இறக்கை முதலாளி வீட்டு முற்றத்தின் மேலாக, துளசியும் ரோஜாவும் வைத்திருந்த தொட்டிகளின் மேலாக, மெதுவாகத் திரும்பிப் போனது. நானும் கைதட்டினேன். எங்கள் ஷெட்டில் வார்னிஷ் பூசிய கைகள் ஒரு மலைக் காற்றைப் பிடித்துவிட்டன என்று தோன்றியது. அந்தத் தெருவில் அன்று நின்றவர்கள் யாருக்குமே அப்படித்தான் தோன்றியிருக்கும்.

ஒன்று பதினொன்று ஆனது. சொந்தமாக ஒரு மின்நிலையம். அதிலிருந்து மில்லுகளுக்கும் ஏலக்காய் ஸ்டோர்களுக்கும் லைன். ‘கரண்டு முதலாளி’ என்ற பேர் நிலைத்துவிட்டது.

ஷூ வந்தது

கம்பெனி பெரிதானதும் கோயம்புத்தூரிலிருந்து மேனேஜர் வந்தார். நல்ல மனிதர்தான். வந்த முதல் வாரமே பியூஸ் பெட்டிக்குக் கீழே கிடக்கும் செருப்புகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

“பெரிய பெரிய ஆளுங்க வந்து பாக்கற எடமுங்க. கோயில் வாசலாட்டம் இருக்குதுங்களே.”

எல்லாருக்கும் கறுப்பு ஷூ கொடுத்தார்கள். நீலச் சட்டை. செருப்புக்குப் பதில் ஒரு நோட்டு. ஏறும்போது ஒரு கையெழுத்து, இறங்கி வந்து ஒரு கையெழுத்து. இன்னாசி முதலாளியும் சரி என்று தலையாட்டிவிட்டார்.

நோட்டு ஆபீஸில் இருந்தது. லைன் ஒரு பக்கம், ஆபீஸ் ஒரு பக்கம். நம் ஆட்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? காலையில் வரும்போதே ஏறுகிற கையெழுத்து, இறங்குகிற கையெழுத்து இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் போனார்கள். நோட்டுப்படி எங்கள் ஆட்கள் எல்லாரும் ஏறுவதற்கு முன்பே இறங்கிவிடுவார்கள்.

இதை மேனேஜரிடம் சொல்ல எனக்குப் பயம். சொன்னால் ஆட்களுக்குத் திட்டு விழும். சொல்லாவிட்டால் என்ன ஆகுமோ என்று அது ஒரு பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நான் செய்தது ஒன்றுதான்: பியூஸ் கட்டைகளைப் பெட்டிப் பக்கத்தில் வைப்பதை விட்டுவிட்டேன். பிடுங்கியதும் மடியில் கட்டிக்கொள்வேன்.

சீனிக்கு ஷூ ஒத்துக்கொள்ளவில்லை. குதிகாலில் கொப்புளம். “யக்கா, இந்த ஷூவப் போட்டுப் போஸ்ட்டுல ஏறுறது, கைய உறையில போட்டுக்கிட்டுச் சோறு திங்கிற மாதிரி இருக்கு” என்பான். பந்தல் போட்ட அந்த விசேச நாளன்று மட்டும் யாருக்கும் தெரியாமல் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். பழைய பழக்கத்தில் அதைப் பெட்டிக்குக் கீழே விட்டுவிட்டு, மிச்சமிருந்த ஒரு இணைப்பை முடிக்கக் கடைசிப் போஸ்ட்டுக்குப் போனான். கோல்டு ஸ்டோருக்குப் பக்கத்துப் போஸ்ட். தென்னந்தோப்பைத் தாண்டி ரோடு வளைகிற இடம். டிரான்ஸ்பார்மர் அடியிலிருந்து பார்த்தால் தெரியாது.

முதலாளி இறங்கி வந்தார்

அந்த நாளில் என்ன இருந்தது என்று முழுசாகச் சொல்லிவிடுகிறேன். வடக்கேயிருந்து வந்தவர்கள் சரி என்று தலையசைத்தால், கணவாய் முழுக்க முதலாளியின் காற்றாலை. பள்ளத்தாக்கு முழுக்க அவர் லைன். திராட்சைக்காரர்கள் பறித்த பழத்தை அன்றைக்கே கிடைத்த விலைக்குத் தள்ளாமல் வைத்து விற்கலாம். எல்லாம் அந்த விளக்கு எரிவதில் இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

மேனேஜர் செல்லை எடுத்துச் சீனிக்கு அடித்தார். வேலியில் தொங்கிய சீனியின் பைக்குள்ளிருந்து மணி அடித்தது.

“போனை வெச்சுட்டுச் சாப்பிடப் போயிருப்பானுங்க. கட்டையைக் குடுங்கம்மா, நானே போட்டுக்கறேன்.”

கையை நீட்டினார். நான் மடியை இறுக்கிப் பிடித்தேன்.

“பொம்பள மடியில கைய வைக்கப் போறீகளா?”

அவர் கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி இழுத்துக்கொண்டார். எப்படி அப்படிக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

அப்போதுதான் இன்னாசி முதலாளி மேடையிலிருந்து வந்தார். நடந்து வரவில்லை, ஏறக்குறைய ஓடிவந்தார். மாலையிலிருந்து ரோஜா இதழ் வழியெல்லாம் கொட்டியது.

“என்னத்தா செய்யிற? ஊரே பாக்குது. அவக கெளம்பிருவாக போல இருக்கு.”

“செருப்புக் கெடக்கு மொதலாளி.”

“என்ன செருப்பு?”

அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. அதுதான் என்னை இடித்தது. விரலை நீட்டிக் காட்டினேன்.

“சீனி செருப்பு. ஆள் மேல இருக்கான்.”

மேனேஜர் நோட்டை விரித்தார். “இறங்கிட்டதா கையெழுத்து இருக்குதுங்கய்யா.”

“நோட்டு எறங்கிருச்சு மொதலாளி. சீனி எறங்கல.”

பந்தலில் குழாய்ச் சத்தம் நின்றது. கார்க்கதவு சாத்துகிற சத்தம் ஒன்று கேட்டது. முதலாளி அந்தப் பக்கம் பார்த்தார், என்னைப் பார்த்தார். பளபளவென்று இருந்த கறுப்பு ஷூவால் அந்தச் செருப்பை ஒரு எத்து எத்தினார். ஒன்று வேலியில் பட்டு விழுந்தது. செம்புக் கம்பி கட்டிய மற்றது வாய்க்காலில் போய் விழுந்தது.

“இப்பக் கெடக்கா? போடு.”

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. கொடுத்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிசம் தோன்றியது. சீனி ஒருவேளை சாப்பிடத்தான் போயிருப்பானோ? நான்தான் எல்லாவற்றையும் பெரிதாக நினைக்கிறேனோ? என் வாழ்க்கையில் நான் பயந்த ஆயிரம் விசயங்களில் எத்தனை நடந்திருக்கிறது?

ஆனால் கால் தானாக அசைந்தது. என் செருப்பைக் கழற்றினேன். சீனியின் செருப்பு கிடந்த அதே இடத்தில், பெட்டிக்கு நேர் கீழே, ஜோடியாக வைத்தேன். ஜல்லி உள்ளங்காலில் சுட்டது.

“இப்ப எஞ் செருப்புக் கெடக்கு மொதலாளி. செருப்புக் கெடந்தா நீங்களே வந்து சொன்னாலும் கெடையாதுன்னு சொன்னது நீங்கதான்.”

அவர் என் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மாலையைக் கழற்றி வேலிமேல் போட்டார்.

“வண்டிய எடு,” என்றார் மேனேஜரிடம். “கடைசிப் போஸ்ட்டுல போய்ப் பாரு.”

மேனேஜர் போய்வர எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாது. வடக்கத்திக் கார்கள் இரண்டும் கிளம்பிப் போன புழுதி அடங்குகிற நேரம். அப்புறம் வளைவில் வண்டிச் சத்தம் கேட்டது. மேனேஜருக்குப் பின்னால் இடுப்பு பெல்ட்டோடு, வெறுங்காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்திருந்தது சீனி.

மேனேஜர் முகத்தில் இரத்தமே இல்லை. “மேலதானுங்கய்யா இருந்தான்,” என்றார். “லைனைக் கையில புடிச்சுட்டு இருந்தானுங்க.”

சீனி இறங்கிப் பெட்டிக்கடியில் பார்த்தான். “ஏய், எஞ் செருப்ப எவன்டா எடுத்தது?”

நான் அழுதுகொண்டே திட்டினேன். “அங்கன மைக்குல இம்புட்டுச் சத்தம் கேக்குதே, கரண்டு விடப் போறாகன்னு எறங்கத் தெரியாதாடா ஒனக்கு?”

“நான் எதுக்குக்கா எறங்கணும்?” என்றான் அவன், நிசமாகவே புரியாமல். “அதான் செருப்புக் கெடக்கே. நீ போடமாட்டேன்னு நெம்மதியா வேல பாத்துக்கிட்டிருந்தேன்.”

எனக்கு இதுவரை எத்தனையோ பேர் சால்வை போர்த்தியிருக்கிறார்கள். இந்தத் தொடர் வந்தபிறகு பாராட்டும் கிடைக்கிறது. ஆனால் சீனி சொன்ன அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் எதுவும் வரவில்லை.

அவன் வாய்க்காலில் இறங்கிச் செருப்பை எடுத்து உதறி மாட்டினான். நான் மடியை அவிழ்த்துக் கட்டைகளை எடுத்தேன். பெட்டிப் பக்கம் திரும்பினேன்.

“யக்கா யக்கா! ஒஞ் செருப்பு!”

பந்தலில் மிச்சம் இருந்த சனம் விழுந்து விழுந்து சிரித்தது. செருப்பை மாட்டினேன். கீழே பார்த்தேன். வெறும் ஜல்லி. மூன்று கட்டைகளையும் போட்டேன்.

பட்டப்பகலில் வரிசையாக விளக்கு எரிந்தது. தூரத்தில் கோல்டு ஸ்டோர் ஓடுகிற சத்தம் கேட்டது. திராட்சைக்காரர்கள் துண்டைத் தூக்கிப் போட்டுக் கூவினார்கள். இன்னாசி முதலாளி மட்டும் அங்கே இல்லை.

வந்த வழியே

அவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. ஒரு மாதம் பொறுத்துவிட்டு நானே நின்றுகொண்டேன்.

வடக்கத்தி ஆட்கள் திரும்பி வரவே இல்லை. காற்றாலை பதினொன்றோடு நின்றது. இரண்டு ஆடிக் காற்று தாண்டுவதற்குள் பாதி மெஷின் ரிப்பேர், சாமான் வரவில்லை. மில்லுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கோல்டு ஸ்டோர் பூட்டப்பட்டது. கடைசியில் இறக்கைகளைக் கழற்றி ஏற்றிப் போக வேறு ஊர் லாரி வந்தது.

அதே அனுமந்தன்பட்டி முக்கு. இந்தத் தடவை லாரி சுலபமாகத் திரும்பியது. முதலாளி அந்தச் சுவரை மறுபடி கட்டவே இல்லை. அவரே ரோட்டில் இறங்கி நின்று, கையைக் காட்டி, “ஒடிச்சு வா… ஒடிச்சு வா… போகலாம், போகலாம்” என்று தன் இறக்கைகளை வழியனுப்பினார். என் வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடப்பாரை பிடித்தபோது இருந்த அதே நிமிர்ந்த முதுகு.

எனக்கு அன்று தொடங்கியது பெரிய கவலை. அந்த அரைமணி நேரத்தால்தான் அவர் விழுந்தாரா? நான் ஒரு ஆளைக் காப்பாற்றி ஒரு ஆளைக் கவிழ்த்துவிட்டேனா? பாவத்தை ஒப்புக்கொள்கிற பாவசங்கீர்த்தனத்தில் கோயில் சாமியாரிடம்கூடச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இது பாவமே இல்லை என்றார். எழுந்து வரும்போது, “அப்படியே அந்தப் பீடத்துப் பக்கத்து ஃபேன் ஏன் டக்கு டக்குன்னு அடிக்குதுன்னு பாத்துட்டுப் போம்மா” என்றார். ஃபேன் சரியாகிவிட்டது. கவலை அப்படியே இருந்தது.

கவலையோடுதான் அந்தத் தகரஷெட்டை வாடகைக்கு எடுத்தேன். கவலையோடுதான் இரண்டு பெண்களைச் சேர்த்துக் காயில் சுற்ற ஆரம்பித்தேன். இன்று ஒன்பது பேர். லைன் வேலைக்குச் சீனி. பெட்டிக்கடியில் செருப்பு.

இந்த ஆடியில்

போன மாதம், திராட்சைக்காரர்கள் எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்து பூட்டிக் கிடந்த கோல்டு ஸ்டோரை எடுத்தார்கள். பழைய லைனைச் சரிசெய்து, மோட்டார் எல்லாம் காயில் கட்டி ஓட வைக்கிற வேலை எங்கள் ஷெட்டுக்கு வந்தது. கேட்டதும் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஓட்டிப் பார்க்கிற நாள். மேடை இல்லை, பொத்தான் இல்லை. காற்று சேலையை இழுத்துக்கொண்டிருந்தது. டிரான்ஸ்பார்மர் அடியில் நான், மடியில் கட்டைகள். கடைசிப் போஸ்ட்டின் மேலே சீனி, பெட்டிக்குக் கீழே அவன் செருப்பு.

டவுன் பஸ்ஸிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. இன்னாசி அண்ணன். மெலிந்திருந்தார்.

“ஓட்டப் போறீகளாமே. பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்.”

“வாங்கண்ணே.” அண்ணே என்றுதான் வாயில் வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருசம் தொண்டையில் இருந்ததைக் கொட்டிவிட்டேன். “அண்ணே, அன்னைக்கு நான் கட்டையப் போட்ருந்தா ஒங்களுக்கு இந்தக் கதி வந்திருக்காதுல்ல?”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சிரித்தார்.

“அடி ஆத்தா, அவக மொத நாளே வேணாம்னு சொல்லிட்டாக. தேனியில ரூம்ல வச்சே சொல்லிட்டாக. நாந்தான் வெளக்கப் பாத்தா மனசு மாறும்னு கையக்காலப் புடிச்சுக் கூட்டியாந்தேன்.”

“அப்ப ஏண்ணே இம்புட்டு நாளா சொல்லல?”

“திட்டுறதுக்கு எனக்கும் ஒரு ஆள் வேணும்ல?” என்றார். அப்புறம் குரலை இறக்கி, “அவன் லைனக் கையில புடிச்சிருந்தான்னு அந்த மேனேஜர் சொன்னானே. இன்னமும் அது காதுலயே கெடக்கு” என்றார்.

காற்று பலமாக அடித்தது. தென்னந்தோப்பு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. எத்தனை வருசக் கவலை! அதில் பாதியை வேறு எதற்காவது பட்டிருக்கலாம்.

“கடைசி மோட்டார நான் ஒருக்காப் பாத்துரட்டா?” என்று கேட்டார். “கை சும்மா இருக்க மாட்டேங்குது.”

“போய்ப் பாருங்கண்ணே.”

நான்கடி போனவர் நின்றார். திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றி, சீனியின் செருப்புக்குப் பக்கத்தில், குனிந்து கையாலேயே நேராக வைத்தார்.

“எண்ணிக்கோ ஆத்தா. ரெண்டு ஜோடி.”

எண்ணினேன். என் வழக்கப்படி மூன்று தடவை.

தோப்பு மறைக்கிற வரைக்கும் அவர் வெறுங்காலோடு போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அரைமணி கழித்து இரண்டு பேரும் ரோட்டு வளைவில் சேர்ந்தே வந்தார்கள். சீனி கையை ஆட்டி ஏதோ சொல்ல, அண்ணன் உரக்கச் சிரித்தது இங்கே வரைக்கும் கேட்டது. வந்து அவரவர் செருப்பை மாட்டினார்கள்.

கட்டைகளை அண்ணனிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

“நீ போடு.”

பெட்டிக்குக் கீழே பார்த்தேன். வெறும் ஜல்லி.

போட்டேன்.